டீக்கடையில், காலையில், வேலைக்கு முன்பு

தொட்டிக்குள் ஆள் இறங்கினால் வெளியே ஒருவன் நிற்க வேண்டும். அந்த ஒருவனாக நான் நான்கு வருடம் நின்றிருக்கிறேன். கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை. அங்கே தொட்டிகள் நிறைய. ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் இடுப்பு உயரத்தில் ஒரு வட்ட வாய் இருக்கும். அதை மேன்ஹோல் என்பார்கள். இரண்டு இரண்டு பேராக அதன் வழியே உள்ளே போய், சுவரில் இறுகிக் கிடக்கும் கசடைச் சுரண்டி வாளியில் அள்ளித் தருவார்கள். நான் அவர்களுடைய இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நிற்பேன். கை அசைகிறதா, பேச்சு வருகிறதா, யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்களா என்று பார்க்க வேண்டும். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, கூச்சம். சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் என் வீடு. காலையில் கடலூர் பஸ் ஏறினால் தொழிற்சாலை வாசலில் இறங்க வேண்டும். அங்கே நிறுத்தம் கிடையாது. யாராவது சத்தம் போட்டால்தான் டிரைவர் நிறுத்துவார். வேறு ஆள் இல்லாத நாட்களில் வாசல் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். நாற்பத்தாறு வயது ஆள் இப்படி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் மனைவியின் தம்பி எங்கள் கூட்டத்தில் சேர்ந்தபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். தொட்டிக்குள் போய் விழுந்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தாள். "அவன் உள்ள இருக்கச்ச வெளிய நீங்கதான் நிக்கணும். வேற ஆள் நின்னா அவன் போகக் கூடாது" என்றாள். நான் சரி என்றேன். மச்சான் சிரித்தான். "மாமா நின்னா மட்டும் இன்னாக்கா? நான் விழுந்தாகூட யாரையும் கூப்புட மாட்டாரு, கூச்சப்படுவாரு." எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

வடக்கிலிருந்து புதிதாக ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தமிழ் தெரியாது. வந்த மாதத்திலேயே, வெளியே நிற்கும் ஆட்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுத்தான் வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். தொட்டிக்குள் போக அனுமதி தரும் பெர்மிட் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதில் எழுதியிருப்பது நிற்பவனுக்குப் புரிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தப்பு என்று சொல்ல முடியாது.

என் முறை வந்தது. நான் படித்தது ஐந்தாவது வரை. தமிழ் நன்றாகப் படிப்பேன், நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கிற பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுவேன், சில பெயர்ச்சொற்கள் தெரியும். மேடம் மெதுவாகத்தான் கேட்டார், நீ எங்கே நிற்பாய் என்று. கேள்வி புரிந்துவிட்டது. "டேங்க்" என்றேன்.

"டேங்க்? இன் த டேங்க்? ஆன் த டேங்க்? பிஹைண்ட் த டேங்க்?"

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. டேங்க் என்கிற சொல் மட்டும்தான் கேட்டது. அதற்கு முன்னால் வருகிறவை தூசி மாதிரி பறந்துகொண்டிருந்தன. மறுபடியும் "டேங்க்" என்றேன். மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த எங்கள் சூப்பர்வைசர் வெளியே வந்ததும் சொன்னார். "ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்காங்கய்யா. அதுக்குள்ள தேறலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

அந்த வேற ஆள் யார் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே தூங்கக்கூடியவர். ஒருமுறை அவர் கையிலிருந்த கயிறு நழுவித் தரையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி பன்னிரண்டாவது முடித்தவள். சாயங்காலத்தில் கூடத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "டியூஷன் பசங்க போனதும் உக்காருங்க" என்றாள்.

முதல் நாளே சண்டை.

"சாவி எங்க இருக்கு? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"டிவி."

"டிவிதான் சாவியா? டிவியப் போட்டுப் பூட்டத் தொறப்பீங்களா?"

"டிவி மேல."

"அந்த மேலதான் வேணும். நாம 'டிவி மேல'ன்னு சொல்றோம். பொருள் முன்னாடி, எடம் பின்னாடி ஒட்டிக்கும். அவுங்களுக்குத் தலகீழ். மேலங்கறது முன்னாடி வந்துடும். ஆன் த டிவி."

"அது எதுக்கு முன்னாடியே வருது?"

"என்னக் கேட்டா? ஆன் த டிவி. சொல்லுங்க, அப்பதான் சோறு."

தொட்டிக்குள், கதவுக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே. நமக்கு இந்தச் சின்னச் சொற்கள் வாலாக ஒட்டிக்கொண்டு வருவதால் அவை இருப்பதே தெரிவதில்லை. ஆங்கிலத்தில் அவை முன்னால் வந்து நிற்கும், பின்னால் பொருளைக் கூட்டிக்கொண்டு வரும். அவற்றைத் தனியாகப் பிடிக்கப் பார்த்ததுதான் என் தவறு. இன் என்றால் என்ன, அட் என்றால் என்ன என்று மனப்பாடம் செய்தேன். மனதில் நிற்கவில்லை. பிறகு மனைவி, மூன்று சொல்லையும் ஒரே சொல்லாக நினைக்கச் சொன்னாள். இன்-த-டேங்க். அட்-த-மேன்ஹோல். எனக்கு அது உடனே பிடிபட்டது. தொழிற்சாலையில் இரண்டு குழாயை இணைக்கும்போது நடுவே ஒரு கேஸ்கெட் வைப்போம். மெல்லிய வளையம். அதைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு குழாய்க்கும் நடுவில் உட்கார்ந்தால்தான் அதற்கு வேலை.

நேரம் சொல்வதுதான் என்னைப் படுத்தியது. பத்து மணிக்கு ஒரு சொல், திங்கட்கிழமைக்கு ஒரு சொல், காலைக்கு ஒரு சொல். ஏன் மூன்றுக்கும் ஒன்றே கூடாது என்று கேட்டேன். "கேக்காதீங்க, அது அப்படித்தான்" என்றாள். பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். புதுச்சத்திரம் வரை இடச் சொற்கள், ஆலப்பாக்கம் வரை நேரச் சொற்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் நான் மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்து எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

இன்னொரு விஷயமும் அவள் சொன்னாள். ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, நடுவிலும் கடைசியிலும் இருந்த துண்டுகளை விரலால் மறைத்தாள். "பாருங்க, இதையெல்லாம் எடுத்துட்டாலும் வாக்கியம் நிக்கும். யார், என்ன பண்ணாங்க, அது போதும். ஆனா எங்க, எப்ப, எதோட, எதுக்காகன்னு தெரியாது. அதெல்லாம் இந்தத் துண்டுலதான் இருக்கு."

இரண்டு வாரம் கழித்து மேடம் முன்னால் நின்றேன். நான் மேன்ஹோலில் நிற்கிறேன், ஆட்கள் தொட்டிக்குள் இருக்கிறார்கள், கயிறு என் கையில் இருக்கிறது என்று மூன்று வாக்கியம் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் முன்னால் சாய்ந்து கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

தேறியதால் நிம்மதி வந்திருக்க வேண்டும். வேறொன்று வந்தது.

உள்ளே போகிறவர்கள் பெயரும், போன நேரமும், வெளியே வந்த நேரமும் ஒரு ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். ஆங்கிலத்தில்தான். எங்கள் கூட்டத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் சூப்பர்வைசர் ஒருவர்தான். சேத்தியாத்தோப்புக்காரர், இப்போது செம்மண்டலத்தில் வீடு. எங்களையெல்லாம் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். நல்ல மனிதர். ஒரே நேரத்தில் மூன்று தொட்டி பார்க்க வேண்டியவர் ஒவ்வொரு வாயாக ஓடி ஓடி எழுத முடியாது. அதனால் ஒரு வழக்கம் வந்திருந்தது. காலையில் வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள், அன்றைய நாள் முழுவதையும் எழுதி முடித்துவிடுவார். யார் யார் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே. நாங்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவோம். பிறகு அன்றைக்கு யாரும் பேனாவைத் தொட வேண்டியதில்லை. பக்கத்தின் அடியில் அச்சில் ஒரு வரி இருக்கும். அதன் கீழே வெளியே நிற்பவன் கையெழுத்து. நான்கு வருடமாக நான் போட்டது.

இப்போது அந்த வரி எனக்குப் படிக்க வந்தது. 'நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை எல்லா ஆட்களையும் மேன்ஹோலில் நின்று நான் கவனித்தேன்' என்று இருந்தது. இன்னும் யாரும் நுழையவே இல்லை. என் முன்னால் டீ கிளாஸில் ஆவி வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இது நடந்த பிறகு எழுதறது இல்லையா?" என்று கேட்டேன். அவ்வளவு கேட்கவே இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

சூப்பர்வைசர் சிரித்தார். "ரெண்டு வாரம் படிச்சிட்டுக் கலெக்டர் ஆயிட்டியாய்யா? யாருக்காக எழுதறேன், எனக்காகவா? உங்கள்ல ஒருத்தனுக்கு மணி எழுத வருமா?"

மச்சான் முதுகில் தட்டினான். "மாமா, கையெழுத்தப் போடு, டீ ஆறுது."

போட்டேன். அடுத்த நாளும் போட்டேன்.

மழைக்காலத்துக்கு முந்தைய ஷட்டவுன் அது. எந்திரங்களை நிறுத்திவிட்டு ஐந்து தொட்டிகளை அடுத்தடுத்து முடித்தாக வேண்டும். அன்று இரண்டாவது தொட்டி. மச்சானும் இன்னொருவரும் உள்ளே. ரிஜிஸ்டரில் பத்தரைக்கு உள்ளே, பன்னிரண்டரைக்கு வெளியே. ஆனால் கசடு எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி, கல்லாக இறுகியிருந்தது. பன்னிரண்டே முக்கால் ஆகியும் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். காற்றுக் குழாய் இரைச்சலில் அவர்கள் பேச்சு பாதிதான் கேட்டது. சூப்பர்வைசர் மூன்றாவது தொட்டிப் பக்கம் போயிருந்தார்.

தொட்டிக்குப் பின்னால் இரும்பின் மீது ஸ்பானர் விழும் சத்தம் கேட்டது.

சுத்தம் முடிந்து மேன்ஹோலை மூடியதும் தொட்டிக்குள் நைட்ரஜன் விடுவார்கள். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. உள்ளே ஆள் இருந்தால் இரண்டு மூச்சில் விழுவான், விழப்போவது அவனுக்கே தெரியாது. அதனால் ஆட்கள் உள்ளே இருக்கும்வரை நைட்ரஜன் குழாயை ஒரு தகடு வைத்து அடைத்திருப்பார்கள். அந்தத் தகடு இருக்கிற இடம் தொட்டிக்குப் பின்னால்தான். அதன் போல்ட்டை யாரோ கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றை மூன்று முறை இழுத்தேன். வெளியே வா என்று அர்த்தம். மச்சான் முகம் மேன்ஹோல் அருகே வந்தது, மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்.

"இன்னா மாமா, சோத்து மணியா?"

"வெளிய வா. ரெண்டு பேரும்."

"ரெண்டே வாளி. முடிச்சிட்டு வரேன்." முகம் மறைந்துவிட்டது.

பின்னால் போய்ச் சொன்னால் மேன்ஹோலை விட்டுப் போக வேண்டும். கயிற்றைக் கீழே போட வேண்டும். அங்கிருந்து கத்தினால் கேட்காது. நான் கத்தினேனா என்றால், இல்லை. வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஸ்பானர் சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது.

அப்போது தொட்டியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேடம் வந்தார். ஒரு கையில் வாக்கி டாக்கி, மறு கையில் எங்கள் ரிஜிஸ்டர். நாங்கள் ஓய்வெடுக்கும் கொட்டகை மேசையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். வாக்கி டாக்கியில் யாரோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். என்னையும் திறந்திருந்த மேன்ஹோலையும் பார்த்து அவருக்குக் கோபம். இன்னும் ஏன் மூடவில்லை, எல்லாரும் பன்னிரண்டரைக்கே வெளியே வந்தாயிற்றே என்று ரிஜிஸ்டரைத் தட்டிக் காட்டினார். அதை நம்பித்தான் தகட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்.

"மேடம்" என்றேன்.

"க்ளோஸ் இட்."

"மேடம், மேன்…" நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். முதுகுதான் தெரிந்தது.

என்ன நினைத்தேன் என்று இப்போது எழுதினால் பொய் ஆகிவிடும். ஒன்றும் நினைக்கவில்லை. கயிறு என் கையில் அசைந்தது. உள்ளே மச்சான் நகர்ந்திருப்பான். அவ்வளவுதான்.

"டூ மென் இன் த டேங்க்!"

என் குரல்தான். தொட்டியில் பட்டுத் திரும்பி வந்தது. மேடம் நின்றார். ரிஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன் த டேங்க், மேடம். நவ். இன் த டேங்க்."

அவர் கையிலிருந்த ரிஜிஸ்டர் கீழே விழுந்தது. பின்பக்கம் ஓடினார். இந்தியில் அவர் கத்தியது எனக்குப் புரியவில்லை. ஸ்பானர் சத்தம் நின்றது. பன்னிரண்டு போல்ட்டில் ஏழு கழன்றிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மச்சானும் மற்றவரும் வெளியே வந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றி, "இன்னா ஆச்சு, ஏன் எல்லாம் ஓடுறாங்க?" என்றான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் திரும்பி வந்து ரிஜிஸ்டரைக் குனிந்து எடுத்தார். இதில் வெளியே என்று எழுதியிருக்கிறதே, எப்படி என்று கேட்டார்.

வேலை நின்றது. மூன்று மணிக்கு என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு வெள்ளைத் தாள். நடந்ததை எழுதிக் கொடு, தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார் மேடம். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, உங்கள் சூப்பர்வைசர் மொழிபெயர்த்துத் தருவார். சொல்லிவிட்டு மேடம் வெளியே போனார். சூப்பர்வைசர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

காலையில் பார்த்த ஆள் மாதிரி இல்லை. சட்டை முழுக்க ஈரம்.

"தமிழ்ல எழுதுய்யா. நான் மாத்திக்கிறேன்" என்றார். "ரிஜிஸ்டர்ல தப்பா ஏறிடுச்சுன்னு எழுது. ஒரு வரி. மணி மாறிப்போச்சு. மனுஷன் செய்யற தப்புதானே? ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. இன்னும் மூணு தொட்டி இருக்கு. பதினாலு குடும்பம்யா."

மூன்று தொட்டி. அவர் அதை எங்கள் கூலியாகச் சொன்னார். எனக்கு அது மூன்று மேன்ஹோலாகத் தெரிந்தது. மணி மாறிப்போச்சு என்று எழுதினால் நாளைக் காலை அதே டீக்கடையில் அதே ரிஜிஸ்டர் திறக்கும். மூன்றாவது தொட்டிக்குள் மச்சான் போவான். அவன் உள்ளே போவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டதாகக் காகிதத்தில் இருக்கும்.

"நான் இங்கிலீஷ்லயே எழுதறேன், அண்ணே."

அவர் என்னையே பார்த்தார். "உனக்கு எழுத வருமா?"

"தெரியல. பாக்கறேன்."

அவர் போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஏசி குளிரில் என் விரல் விறைத்தது. முதல் வரி எழுதவே கால் மணி நேரம் ஆனது. சூப்பர்வைசர் ரிஜிஸ்டரை எழுதினார். அவ்வளவுதான் அந்த வரி. எழுத்துக் கூட்டி, அடித்து, மறுபடி எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். மூச்சு விட்டார். "சரிதான்யா. நான்தானே எழுதினேன், அது என் வேலைதானே. இதோட நிறுத்திக்க. வாக்கியம் சரியா இருக்கு."

சரியாகத்தான் இருந்தது. யார், என்ன செய்தார். யாரும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் ஆபத்தில்லை, எனக்கும் இல்லை.

நான் பேனாவை எடுத்து அந்த வரியின் கடைசியில் இருந்த புள்ளியை அடித்தேன். அட் த டீ ஷாப் என்று சேர்த்தேன். அவர் கை மேசை மேல் வந்தது. பிறகு இன் த மார்னிங். பிறகு பிஃபோர் த வொர்க்.

"யோவ்" என்றார், மெதுவாக. "அதெல்லாம் எதுக்குய்யா? அதை எடுத்துட்டாலும் அர்த்தம் இருக்குல்ல? எங்க எழுதினா என்ன, எப்ப எழுதினா என்ன?"

"இருக்கு அண்ணே" என்றேன். "ஆனா படிக்கறவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"உன்னை இங்க கூட்டியாந்தது யாரு?"

"நீங்கதான்."

அதற்கு மேல் அவர் பேசியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஃபார் ஆல் மென் என்று எழுதினேன். அதற்குப் பிறகும் ஒரு துண்டு பாக்கி இருந்தது. அதை எழுத எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆனது. வித் மை சைன். நான்கு வருடக் கையெழுத்து. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அவரைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். எழுதினேன். தாளை மேடத்திடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஒவ்வொரு துண்டாக அவர் கண் போவது தெரிந்தது. கடைசித் துண்டுக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யூ ஆல்ஸோ?"

"எஸ் மேடம்."

சூப்பர்வைசரை அன்றே அனுப்பிவிட்டார்கள். வேறு ஏதோ இடத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கடலூருக்குள் போகிற நாட்களில் செம்மண்டலத்து நிறுத்தத்தில் பஸ் நின்றால் இன்றும் எதிர்ப்பக்கம் திரும்பி உட்காருகிறேன். எங்கள் கூட்டம் முழுவதையும் ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். என்னை இரண்டு வாரம்.

அந்த முதல் நாள் சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான்.

"என் உயிரக் காப்பாத்துன, சரி. காலுல விழறேன். அதோட வந்திருக்கக் கூடாதா மாமா? அந்தப் பேப்பர் எதுக்கு? அவரு நமக்கு இன்னா பாவம் பண்ணாரு?"

"அவரு பாவம் பண்ணல."

"அப்புறம்?"

நான் சொல்ல நினைத்ததைத் தமிழில்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. அவன் அக்காவைப் பார்த்தான். "நீதானே சொல்லிக் குடுத்த? நல்லா சொல்லிக் குடுத்த. பதினாலு பேரு வீட்ல உக்காந்திருக்கோம்." போய்விட்டான்.

டியூஷன் பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி அவர்களை அனுப்பினாள். பிறகு என்னருகே உட்கார்ந்து, என்ன எழுதினீர்கள், அப்படியே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். சிவப்புப் பேனாவால் அங்கங்கே சுழித்தாள்.

"ஏழு தப்பு" என்றாள்.

"அவ்வளவா?"

"ஆனா யாரு படிச்சாலும் புரியும்." தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். தட்டு வைக்கும் சத்தத்திலிருந்து அவளும் யார் பக்கம் என்று முடிவு செய்யாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது.

ஒரு வாரத்தில் மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள். மச்சான் போகவில்லை. வெளியே வேறு ஆள் நிற்கிறார் என்று அக்கா தடுத்துவிட்டாள். அந்த வாரம் அவன் கூலி போனதற்கும் நான்தான் காரணம் என்று அக்காவிடம் சொன்னானாம். இரண்டு வாரம் கழிந்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேறு யாருக்கும் பொறுமை இல்லையாம். மேடம் புது விதி போட்டிருந்தார். ரிஜிஸ்டர் இனிமேல் மேன்ஹோலிலேயே இருக்கும், ஒவ்வொரு ஆளும் உள்ளே போகும்போதும் வரும்போதும் தன் கையால் எழுத வேண்டும், தமிழோ எதுவோ, எழுதத் தெரியாதவன் கடிகாரத்தைப் பார்த்து முள்ளை வரைந்தாலும் போதும்.

எல்லாரும் திட்டிக்கொண்டே எழுதினார்கள். திட்டு எனக்குத்தான். அதற்கு அடுத்த வாரம் ஐந்தாவது தொட்டி. மச்சான் கடைசியாக வந்தான். மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை. பேனாவை வாங்கிப் பேரும் மணியும் எழுதினான், என் பக்கம் பார்க்காமல் திருப்பித் தந்தான். நான் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அவன் மேன்ஹோலுக்குள் தலையை விட்டு நுழைந்தான்.

முக்கால் மணி நேரம். நான் கண் எடுக்கவில்லை.

வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தான். கொட்டகை நிழலைப் பார்த்து நடக்கப்போனான். நான் பேனாவை நீட்டினேன்.

"கையெல்லாம் கசடு. நீயே எழுதிக்க" என்றான்.

அந்த மாதிரிச் சமயத்தில் பழைய நான் எழுதியிருப்பேன். நீட்டிய கையை மடக்கவில்லை. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். "வாத்தியாருகிட்ட மாட்டிக்கினான்டா" என்றான் ஒருவன். மச்சான் என்னை முறைத்தான். எனக்கு முகம் சுட்டது. இருந்தும் கை அப்படியே இருந்தது.

அவன் கையைப் பேண்ட்டில் இரண்டு முறை தேய்த்துக்கொண்டு பேனாவை வாங்கினான்.

"மணி இன்னா மாமா?" என்று கேட்டான்.